நாலாவது பேட்டரி

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகும் வழியில் எங்கள் தென்னந்தோப்பு. தோப்புக்குள் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறோம். வந்து தங்குகிறவர்களின் பிள்ளைகள் சுற்றிவர என் தம்பி ஒரு ஏடிவி வாங்கினான். நாலு குண்டுச் சக்கரம், கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலேட்டர், முன்னால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார், வின்ச் என்பார்கள். பழைய வண்டி. பதிவு எண் கிடையாது, அதனால் தோப்பு வேலியைத் தாண்டாது. பிள்ளைகள் இல்லாத நாளில் மட்டை இழுக்கும், சாய்ந்த மரத்தை வின்ச்சில் கட்டி ஓரத்துக்குக் கொண்டுபோகும்.

வாங்கி மூன்று வருசம் ஆகவில்லை, மூன்று பேட்டரி போய்விட்டது.

"ஏஞ்சாமி, மாட்டுக்கு மூக்கணாங்கவுறு மாத்தற மாதிரியில்ல பேட்டரி மாத்திட்டிருக்கறீங்க" என்றார் ஐயன், எங்கள் அப்பா. அவருடைய ட்ராக்டர் பேட்டரி அஞ்சாவது வருசத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெருமையும் அதில் இருந்தது.

நான் படித்தது எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தவள். மோட்டார் ஒன்று மூன்று தடவை எரிந்தால் மோட்டாரைத் திட்டக்கூடாது, அதற்கு முன்னால் இருப்பதைப் பார்க்கவேண்டும் என்பதை அங்கே கற்றுக்கொண்டேன். சொந்தத் தோப்பு வண்டிக்கு அது ஞாபகம் வர நாலாவது பேட்டரிக்குக் காசு எடுத்து வைக்கிற நாள் வரை ஆகிவிட்டது. இந்தத் தடவை, வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, வோல்ட்டும் கரண்டும் அளக்கும் மீட்டரோடு உட்காருவது என்று முடிவு செய்தேன்.

முதலில் செத்துப்போன மூன்றின் கதை.

ஒன்றாவது, வண்டியோடு வந்தது. அதன் வயசு யாருக்கும் தெரியாது. அதற்கு அழுதுகொண்டிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவதை ஒரு பட்டறையில் போட்டுக் கொடுத்தார்கள். புல்லட் மாதிரி வண்டிகளுக்குப் போடும் 14 ஏஹெச் ஆசிட் பேட்டரி. ஏஹெச் என்றால் ஆம்பியர்-அவர், பேட்டரி எவ்வளவு பிடித்து வைக்கும் என்கிற கணக்கு. "அதும் 12 வோல்ட்டு, இதும் 12 வோல்ட்டுங் அம்மிணி" என்றார்கள். வோல்ட் சரிதான். ஆனால் பைக் வளைவில் சாய்ந்தால் உடனே நிமிர்ந்துவிடும். ஏடிவி வாய்க்கால் மேட்டில் ஒரு பக்கமாகச் சரிந்தபடியே நின்று மட்டை இழுக்கும். உள்ளே தளும்புகிற ஆசிட், காற்றுப்போக்குக் குழாய் வழியாகச் சொட்டு சொட்டாக வெளியே வந்திருக்கிறது. அந்தக் குழாயையும் சீட்டு அழுத்தி மடக்கி வைத்திருந்தது. ஒன்பது மாசத்தில், பேட்டரிக்குள் இருக்கும் ஆறு அறையில் இரண்டில் ஆசிட் இறங்கிக் காரீயத் தட்டு வெளியே தெரிந்தது. பேட்டரிப் பெட்டிக்குக் கீழே சட்டத்தில் பெயின்ட் உரிந்து துருப்பிடித்துவிட்டது. அதைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்த வேலை தனி.

மூன்றாவது சரியான சாதி. ஏஜிஎம் என்கிறார்களே, அது. ஆசிட் தண்ணீராகத் தளும்பாது. தட்டுகளுக்கு நடுவில் இருக்கும் கண்ணாடி இழைப் பாய் அதைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிப் பிடித்திருக்கும். சாய்ந்தாலும் சிந்தாது. அது ஏழு மாசம்தான் தாங்கியது, போகும்போது பக்கவாட்டில் வீங்கியும் இருந்தது. "பேட்டரியே டூப்ளிகேட்டுக்கா" என்றான் தம்பி. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

சீட்டைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு அணில் கூடு. பேட்டரிக்கும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் நடுவில் தேங்காய் நாரும் பஞ்சுமாகத் திணித்து வைத்திருந்தது. குட்டி இல்லை, பழைய கூடு. தோப்பு வண்டிக்கு இது சகஜம்தான். ஆனால் காய்ந்த நாருக்குப் பக்கத்தில் பேட்டரி முனை ஒன்று பொறி விட்டால் வண்டி, கொட்டகை எல்லாம் போய்விடும். எடுத்துப் போட்டுவிட்டு, ஆடிக்காற்று கொண்டுவந்து அப்பியிருந்த செம்மண் தூசியையும் பிரஷ் வைத்துத் தட்டினேன்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் அப்புறம். மாட்டும்போது தலைகீழ்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். வண்டியின் இரும்புச் சட்டம் முழுக்க நெகட்டிவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் போல்ட்டைச் சுற்றுகிற ஸ்பேனர் சட்டத்தில் இடித்தால் நேரடி ஷார்ட். ஸ்பேனரே பழுத்துப் போகும். கையில் மோதிரம், வளையல் இருந்தால் அதையும் கழற்றி வைக்கவேண்டும். மில்லில் ஒருவருக்கு மோதிரம் விரலைச் சுட்டதைப் பார்த்தவள் நான். அன்றிலிருந்து ஸ்பேனரை எடுத்தால் வளையலைக் கழற்றிவிடுவேன்.

செத்த பேட்டரியை வைத்து வண்டியைச் சோதிக்க முடியாது. அதனால் ஐயனின் ட்ராக்டர் பேட்டரியைக் கழற்றித் தரையில் பக்கத்தில் வைத்து, ஜம்பர் கேபிளில் வண்டிக்குக் கொடுத்தேன். கழற்றும்போதே, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன்: ஆறு அறையிலும் 1.25, 1.26. தண்ணீர் மட்டமும் சரி. ஐயன் மாசம் ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறார். எங்கள் போர்வெல் தண்ணீரில் ஒரு குடம் கொதிக்க வைத்தாலே அடியில் வெள்ளையாகப் படியும், அந்த உப்பு தட்டில் போய் உட்கார்ந்தால் பேட்டரி என்னத்துக்கு ஆகும்? கோயமுத்தூர்க்காரர்கள் பெருமைப்படுகிற சிறுவாணித் தண்ணீராகவே இருந்தாலும் பேட்டரிக்கு ஆகாது, டிஸ்டில்டுதான்.

முதல் சோதனை, சாவி ஆஃபில் இருக்கும்போது எவ்வளவு கரண்ட் போகிறது என்பது. நெகட்டிவ் கேபிளை முனையிலிருந்து கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்தேன். சாவி ஆஃப், விளக்கு ஆஃப். ஒன்றும் ஓடாத வண்டி ஒன்றிரண்டு மில்லி ஆம்பியருக்கு மேல் குடிக்கக்கூடாது.

இந்த இடத்தில் ஒரு கூத்து. மீட்டர் மாட்டியிருப்பது தெரியாமல் தம்பி வந்து, "ஸ்டார்ட் ஆகுதாக்கா?" என்று சாவியைத் திருப்பிப் பட்டனை அழுத்திவிட்டான். ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்பது நூறு ஆம்பியர் கணக்கு, மீட்டர் தாங்குவது பத்து. மீட்டருக்குள் இருந்த ஃப்யூஸ் போனது. பொள்ளாச்சி போய் ஃப்யூஸ் வாங்கிவந்து உட்காரும்போது பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் சாவியை என் இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

அளவு வந்தது: 43 மில்லி ஆம்பியர்.

பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் இது ராத்திரி பகலாக ஓடுகிறது. ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 43 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு ஆம்பியர்-அவரைத் தாண்டுகிறது. இந்த வண்டிக்கான பேட்டரியே 12 ஏஹெச்தான். பன்னிரண்டு நாளைக்குள் மொத்தமும் காலி. ஆறு நாளில் பாதி காலி. நாங்கள் வண்டியை எடுப்பது சனி, ஞாயிறு. ஞாயிறு சாயங்காலம் நிறுத்தி அடுத்த சனி எடுக்கும்போது பாதிப் பேட்டரிதான் மிச்சம். மழைக்காலத்தில் ஆள் வராத வாரங்களில் முழுசாக உறிஞ்சியிருக்கும்.

எது குடிக்கிறது என்று பார்க்க ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். 43, 43, 43. மெயின் ஃப்யூஸைப் பிடுங்கியும் 43. அப்படியென்றால் வண்டியின் சொந்த வயரிங்குக்கு இதில் சம்பந்தமே இல்லை, ஃப்யூஸுக்கு முன்னாலேயே யாரோ பேட்டரி முனையிலிருந்து நேராக எடுத்திருக்கிறார்கள். பாசிட்டிவ் முனையில் தடித்த கேபிளுக்கு அடியில் இரண்டு மெல்லிய சிவப்பு வயர்கள் ஒளிந்திருந்தன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் ஹேண்டில்பாரில் தம்பி வைத்த போன் சார்ஜிங் சாக்கெட். நீல வெளிச்சத்தில் வோல்ட் காட்டுமே, அந்த வகை. ராத்திரி மினுங்குவது அழகாக இருக்கிறது என்று நானே சொன்னதாக ஞாபகம். இன்னொன்றின் முடிவில் மட்கார்டுக்கு அடியில் டேப் சுற்றிய ஜிபிஎஸ் பெட்டி. வண்டி திருடு போகக்கூடாதென்று அவனே மாட்டியது. இரண்டையும் கழற்றியதும் மீட்டரில் 1 மில்லி ஆம்பியருக்கும் கீழே.

"திருடன் வரமாட்டானுக்கா, பேட்டரி இல்லாத வண்டிய எவன் தள்ளிட்டுப் போவான்" என்றான். அதுவும் நியாயம்தான்.

சாக்கெட்டைச் சாவி வழியாக வரும் வயருக்கு மாற்றினேன். சாவி ஆஃபானால் அதுவும் ஆஃப். ஜிபிஎஸ்ஸை எடுத்தே விட்டேன். வேலி தாண்டாத வண்டிக்கு அது எதற்கு?

குடிப்பது நின்றது. அடுத்து, உள்ளே வருவது ஒழுங்காக வருகிறதா? வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைப் பாதி அழுத்தி, பேட்டரி முனையில் வோல்ட் பார்த்தேன். 14-க்கு மேல், 14.5 வரை வரவேண்டும். வந்தது 12.9. அதாவது பேட்டரி தன்னிடம் இருப்பதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, திரும்பக் கிடைப்பது ரொம்பக் கம்மி.

இதைப் போன தடவையே ஒரு மெக்கானிக் அண்ணன் சொல்லியிருந்தார். "காயில் போயிருச்சுங் அம்மிணி. இஞ்சினைப் பிரிச்சுக் காயிலை எடுத்தாக் கோயமுத்தூர்ல வைண்டிங் கட்டிக்கலாம்." கோயமுத்தூரில் வைண்டிங் கட்ட முடியாத காயில் உலகத்தில் உண்டா? பம்புசெட் மோட்டாரும் கிரைண்டர் மோட்டாரும் பிறக்கிற ஊர். ஆனால் கட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்பதற்காகக் காயில்தான் கெட்டது என்று ஆகிவிடாது.

இஞ்சினிலிருந்து மூன்று மஞ்சள் வயர் வெளியே வரும். காயிலில் உண்டாகும் கரண்ட் அது வழியாக ரெகுலேட்டருக்குப் போய், அங்கே டிசியாக மாறி, அளவும் கட்டுப்பட்டு, பேட்டரிக்கு வரும். மூன்று வயரும் சேரும் சாக்கெட்டைப் பிரித்து, இஞ்சின் பக்கத்தில் இரண்டிரண்டாக ஏசி வோல்ட் பார்த்தேன். 48, 47, 48. மூன்றும் ஒன்று போல. வண்டியை அணைத்துவிட்டு ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் இஞ்சின் உடம்புக்கும் நடுவில் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இருக்கவும் கூடாது. காயில் பத்தரை மாற்றுத் தங்கம்.

பிரித்த சாக்கெட்டை அப்புறம்தான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மூன்று பின்னில் ஒன்று கறுத்துப்போய், சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. பின் லூசாகி, லூசானதால் சூடாகி, சூட்டில் இன்னும் லூசாகி, கடைசியில் அந்த ஒரு வயர் வேலை செய்யாமலே போய்விட்டது. கிணற்றில் தண்ணீர் இறைக்க மூன்று மாடு இழுக்கவேண்டிய கவலையை இரண்டு மாடு திணறித் திணறி இழுத்த கதை. கருகிய முனைகளை வெட்டிவிட்டு, செம்பு தெரியும்வரை சுரண்டி, புது லக் அழுத்தி, ஈயம் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கினேன். சாமானுக்கு நூறு ரூபாய் கூட ஆகவில்லை.

மறுபடியும் ஸ்டார்ட் செய்து, பாதி ஆக்சிலேட்டரில் பார்த்தால் 14.3. கொட்டகையில் யாரும் இல்லை. இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

மூன்றாவதாக ஒன்று. இது நாங்கள் போன எந்தப் பட்டறையிலும் பார்க்காதது. ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனை மேலும் இன்னொன்றை இஞ்சின் இரும்பின் மேலும் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே நெகட்டிவ்தானே, வித்தியாசமே வரக்கூடாது. 0.2 வோல்ட் வரை மன்னிக்கலாம். எனக்கு வந்தது 0.9. எர்த் கேபிள் இஞ்சினில் சேரும் போல்ட்டுக்கு அடியில் செம்மண்ணும் துருவும் ஒரு பக்கு மாதிரி உட்கார்ந்திருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கியதும் 0.1. வண்டி சுற்றுகிற சத்தமே மாறியது. இதை யாராவது ஒரு வருசத்துக்கு முன்னால் செய்திருந்தால், "பேட்டரி வீக்குங்" என்ற தீர்ப்பு பாதி நாள் வந்திருக்காது.

இப்போது மூன்றாவது பேட்டரியின் பிரேத பரிசோதனைக்கு வருகிறேன். நாள் முழுக்க 43 மில்லி ஆம்பியர் குடிக்கப்பட்டது. ஓடும்போது சரியாகத் திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் எப்போதும் அரைவயிறு. காரீய அமிலப் பேட்டரி காலியாகும்போது தட்டுகளில் காரீய சல்பேட் உண்டாவது இயற்கைதான், சார்ஜ் ஏறும்போது கரைந்துவிடும். ஆனால் காலியாகவே விட்டு வைத்தால் அது கெட்டியான பெரிய பரல்களாக விளைய ஆரம்பிக்கும். பதநீர்ப் பாகை ஆட்டாமல் அசைக்காமல் வைத்துப் பனங்கல்கண்டு விளைய விடுவது போல. அப்படி விளைந்த பிறகு சார்ஜரைக் காட்டினாலும் கரையாது. தட்டில் அவ்வளவு இடமும் வீண். எங்கள் வண்டி நின்றது தகரக் கொட்டகையில், சித்திரை வெயிலில். சூடு பத்து டிகிரி ஏறினால் பேட்டரி தானாகவே காலியாகிற வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

இதெல்லாம் போதாதென்று ஒரு உபகாரம் நானே செய்தேன். ஸ்டார்ட் ஆகாத ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐயனின் ட்ராக்டர் சார்ஜரை மாட்டினேன். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர், எட்டுப் பத்து ஆம்பியர் தள்ளும், எங்கே நிறுத்தவேண்டும் என்று அதற்குத் தெரியாது. இப்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் 15.8 வரை ஏறுகிறது. பெரிய ஆசிட் பேட்டரி கொதித்தால் ஆவியாகும், தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். மூடி சீல் வைத்த ஏஜிஎம்மில் போன தண்ணீர் போனதுதான். அதுதான் வீக்கம். 12 ஏஹெச் பேட்டரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, 1.2 ஆம்பியர்தான் சார்ஜ் அளவு. வோல்ட் 14.7-ஐத் தாண்டக்கூடாது. பச்சைக் குழந்தைக்குச் சங்கில் பால் ஊட்டாமல் சொம்பை எடுத்துச் சாய்த்திருக்கிறேன். டூப்ளிகேட் என்று திட்டு வாங்கிய கடைக்காரருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் சொல்லவேண்டும். அது கீழே வருகிறது.

நாலாவது வாங்கக் கோயமுத்தூர் போனேன். பழைய பேட்டரியைத் துணிப்பையில் கட்டி எடுத்துப் போனேன், அளவு பார்க்கவும் கழிவில் போடவும். எண் முக்கியம்: ஒய்டிஎக்ஸ்14-பிஎஸ். 12 வோல்ட், 12 ஏஹெச். பெயரில் 14 இருப்பதை 14 ஏஹெச் என்று எண்ணி ஏமாறாதீர்கள். நீளம் 150, அகலம் 87, உயரம் 145 மில்லிமீட்டர். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது ஒய்டிஎக்ஸ்14எல்-பிஎஸ். அந்த ஒரு "எல்" இருந்தால் பாசிட்டிவ் முனை வலது பக்கம் வந்துவிடும். எங்கள் வண்டிக்கு இடது பக்கம். மாற்றி வாங்கி வந்தால் கேபிள் எட்டாது, அப்புறம் வயரை இழுத்து ஒட்டுப்போட்டு, அது சட்டத்தில் உரசி, வேறொரு ஞாயிற்றுக்கிழமை.

"எல்லாம் ஒண்ணுதானுங்க, வண்டிக்காரரக் கூட்டிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்றார்.

"வண்டிக்காரி நாந்தானுங்ண்ணா" என்றேன். உள்ளே போய் வேறு பெட்டி எடுத்து வந்தார்.

லித்தியமும் காட்டினார். எடையில் மூன்றில் ஒரு பங்குதான். சும்மா கிடந்தால் சீக்கிரம் இறங்காது. ஆனால் விலை கையைச் சுட்டது, சார்ஜரும் அதற்கென்று தனியாக வாங்கவேண்டும். பந்தய வண்டிக்கு எடை பார்க்கலாம். மட்டை இழுக்கிற வண்டிக்கு நாலு கிலோ ஒரு பாரமா?

பழையதைக் கடையிலேயே கொடுத்து எடைக்கான தொகையைக் கழித்துக்கொண்டேன். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரி முறையாகத் திரும்பிப் போகவேண்டும். விதி இல்லாவிட்டாலும், உடைத்து ஆசிட்டைத் தோப்பில் ஊற்றிவிட்டுக் காரீயத்தை எடைக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று நினைக்கிறார்களோ!

பெயரில் கடைசியில் வருகிற "பிஎஸ்" என்பதற்கு ஆசிட் பாட்டிலோடு தனியாக வருவது என்று அர்த்தம். பேட்டரி காய்ந்திருக்கும், ஆறு வாய் கொண்ட பாட்டில் கூடவே இருக்கும். மூன்றாவது பேட்டரியைக் கடையிலேயே ஆசிட் ஊற்றிப் பத்தே நிமிசத்தில் கையில் கொடுத்தார்கள், நானும் வந்து மாட்டிவிட்டேன். நான் சொன்ன பங்கு அதுதான். இந்தத் தடவை "ஊத்த வேண்டாங், அப்படியே குடுங்க" என்று வாங்கி வந்தேன்.

தோப்பில் காற்றோட்டமான இடம், கண்ணாடி, ரப்பர் கையுறை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஆப்பசோடாவும். பாட்டிலின் சீலைக் குத்தக்கூடாது. அப்படியே கவிழ்த்து ஆறு வாயிலும் அழுத்தினால் தானாகக் கிழிந்து இறங்கும். ஒவ்வொரு அறையிலும் குமிழி வரவேண்டும். மூன்றாவது அறையில் வரவில்லை, பாட்டிலின் முதுகில் இரண்டு தட்டு தட்டியதும் வந்தது. முழுசும் இறங்க அரை மணி விட்டேன். கடைசிச் சொட்டு வரை உள்ளே போகவேண்டும், மிச்சம் வைக்கக்கூடாது. ட்ராக்டர் ஆசிட் வீட்டில் இருக்கிறது என்று அதை ஊற்றவும் கூடாது, ஏஜிஎம்முக்கு வருவது அதைவிடக் காட்டமான ஆசிட்.

ஊற்றியபின் ஒரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தால் 12.5. கடைக்காரர்கள் இதைப் பார்த்துத்தான் "ரெடிங்" என்கிறார்கள். ரெடி இல்லை. முதல் சார்ஜ் முழுசாக ஏற்றாத பேட்டரி அதற்கப்புறம் தன் முழுக் கொள்ளளவுக்கு வருவதே இல்லை. புதிதாக வாங்கிய சின்ன ஆட்டோமேட்டிக் சார்ஜரில் 1.2 ஆம்பியருக்கும் கீழே வைத்து ராத்திரி முழுக்க விட்டேன். மூடிப் பட்டையைத் தாளில் சொன்னபடி அழுத்தி மூடினேன். இனி அதைத் திறக்கவே கூடாது. காலையில் சார்ஜரைக் கழற்றிவிட்டு, சாயங்காலம் வரை ஆறவிட்டுப் பார்த்தால் 12.85. கழற்றின கையோடு பார்த்தால் 13-க்கு மேல் காட்டும், அது மேலோட்டமான பூரிப்பு, நம்பக்கூடாது.

மாட்டுவதில் ஒரே ஒரு எரிச்சல். முனையில் இருக்கிற குட்டிச் சதுர நட், போல்ட் அதைத் தொடுவதற்கு முன்னால் உள்ளே விழுந்துவிடும். பழைய ரப்பர் செருப்பிலிருந்து சுண்டுவிரல் நக அளவு வெட்டி நட்டுக்கு அடியில் வைத்தேன், மேலே எழும்பி நின்றது. கேபிள் முனைகளில் பூத்திருந்த பச்சையையும் வெள்ளையையும் ஆப்பசோடாக் கரைசலில் கழுவி, துடைத்து, இறுக்கியபின் மேலே வாசலின் தடவினேன். இறுக்கியபின், முன்னால் அல்ல. பேட்டரிக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டு ஒரு மெத்தை, மேலே ரப்பர் பெல்ட். வாய்க்கால் மேட்டில் குதிக்கிற வண்டியில் பேட்டரி ஆடினால் உள்ளே தட்டு உதிரும்.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10.9 வரை இறங்கி நின்றது. 9.6-க்குக் கீழே போனால்தான் கவலை.

இப்போதைய ஏற்பாடு: வண்டியைத் தகரக் கொட்டகையிலிருந்து கீற்றுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். பேட்டரியிலிருந்து ஃப்யூஸோடு ஒரு குட்டி வயர் சீட்டுக்கு வெளியே வருகிறது, ஞாயிறு சாயங்காலம் வண்டியை நிறுத்தினால் சார்ஜரை அதில் சொருகிவிட வேண்டியதுதான். அது நிரப்பிவிட்டு 13.6-இல் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும். சார்ஜர் பிளக் வாடகை அறைகளின் கரண்ட் மீட்டரில்தான், பம்புசெட்டின் இலவசக் கரண்டில் இல்லை. ஐயன் அந்த விசயத்தில் கறார்.

வின்ச்சுக்கும் ஒரு சட்டம் போட்டாயிற்று. பாரம் இழுக்கும்போது அது நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும், வண்டி சம்பாதிப்பது இருபது சொச்சம். வரவு இருபது, செலவு நூறு. அதனால் வண்டியை ஓடவிட்டபடி, கொஞ்ச நேரம் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுப்பது. அணைத்துவிட்டு வின்ச்சை மட்டும் இழுப்பதைத் தோட்டத்து அண்ணனுக்குத் தடை செய்திருக்கிறேன். அவர் தலையை ஆட்டினார். செய்வாரா என்பது வேறு.

அப்படியும் ஒரு நாள் இறங்கிப்போனால் ட்ராக்டரிலிருந்து ஜம்பர் போடலாம், ஆனால் ட்ராக்டர் இஞ்சின் ஆஃபில் இருக்கவேண்டும். கடைசி நெகட்டிவ் கிளிப்பைச் செத்த பேட்டரியின் முனையில் போடாமல், தள்ளி இஞ்சின் இரும்பில் போடவேண்டும். சார்ஜாகும் பேட்டரி ஹைட்ரஜன் விடும், கடைசி கிளிப் எப்போதும் ஒரு பொறி விடும். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கவேண்டாம்.

கொட்டகைத் தூணில் காலண்டர் தாளின் பின்பக்கத்தை ஒட்டி, சார்ஜர் கழற்றி ஒரு ராத்திரி ஆனபின் அளந்த வோல்ட்டை மாசம் ஒரு தடவை எழுதுகிறேன். 12.84, 12.82, 12.83, 12.82, 12.80. 12.4 வந்தால் உடனே சார்ஜ், 12 வந்தால் யாரையாவது பிடித்து விசாரிப்பது என்று பக்கத்தில் குறித்திருக்கிறேன். ஏழாவது மாசம் நடக்கிறது. போன மாசக் கட்டத்தில் மட்டும் எண் இல்லை, ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்த கூட்டத்தில் மறந்துபோனேன். அந்த இடத்தில் ஐயன் பென்சிலில் ட்ராக்டர் பேட்டரியின் அளவை எழுதி வைத்திருக்கிறார்: 12.6.

பாக்கி வேலை: பாசிட்டிவ் முனையின் ரப்பர் மூடி கிழிந்திருக்கிறது, தற்போதைக்கு டியூப் துண்டு சுற்றியிருக்கிறேன். வின்ச் ரிலேவின் முனைகளையும் ஒரு நாள் பிரித்துச் சுத்தம் செய்யவேண்டும். அணில் மறுபடி நார் கொண்டுவர ஆரம்பித்துவிட்டது, சீட்டுக்கடியில் இருக்கும் ஓட்டைக்குக் கம்பி வலை அடிக்கவேண்டும்.